கல்குடாப் புறநாட்டு வேட்டையும் குறிநோக்கும்: தூரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேட்டையின் வரலாறு பெரும்பாலும் ஆயுதங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வில் போய்த் துவக்கு வந்தது. துவக்குப் போய் றைபிள் வந்தது. றைபிளின் மேல் தொலைகாட்டி ஏறியது என்று அவ்வரலாறு படிப்படியாக விரிக்கப்படும். ஆயின், ஆயுதம் மாறியபோதெல்லாம் அதனோடு சேர்ந்து மாறிய வேறொன்றும் உண்டு. அது வேட்டைக்காரனுக்கும் விலங்குக்கும் இடையிலான தூரம். அத்தூரம் மாறியபோது வேட்டைக்காரன் எதைக் கண்டான், எதைக் காணத் தவறினான் என்பதும் மாறிற்று. கீழ்மாகாணத்தில் கல்குடாவையும் அதன் மேற்கே விரிந்துகிடக்கும் வயல்வெளிகளையும் காடுகளையும் களமாகக் கொண்டு இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துவக்கின் மேற் பூட்டும் தொலைகாட்டிக்கு எத்துணை உருப்பெருக்கம் வேண்டும் என்ற வினா, பார்வைக்குத் தொழில்நுட்ப வினாவாகத் தோன்றினும், அடிப்படையில் அது வரலாற்று வினாவே என்பதை இதன் இறுதியில் வாசகர் உணர்வர் என நம்புகின்றேன்.

நிலமும் தூரமும்

கல்குடா என்றதும் பலர் நினைவுக்கு வருவது அதன் வெண்மணற் கரையும் அலையடங்கிய குடாவுமே. ஆனால் கரையிலிருந்து மேற்கே திரும்பி நடப்பவன் சிறிது நேரத்திலேயே வேறொரு உலகத்தை அடைகின்றான். வாழைச்சேனை வாவியும் அதன் கண்டற்காடுகளும் முதலில் வரும். அதற்கப்பால் கிரான் முதலாய ஊர்களின் வயல்கள். மட்டக்களப்பு வழக்கில் இவற்றை 'வட்டை' என்பர். வட்டைகளைக் கடந்தாற் பற்றைக்காடும், பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த உலர்வலயக் காடும், அதன் நடுவே குடும்பிமலையும் தோன்றும். கோறளைப்பற்று எனப்படும் இந்நிலப்பரப்பில் யானை, மரை, புள்ளிமான், காட்டுப்பன்றி, கரடி, சிறுத்தை ஆகிய விலங்குகள் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்துள்ளன.

இந்நிலத்தின் தன்மை வேட்டைக்குரிய தூரத்தையும் தீர்மானித்தது. பற்றைக்காட்டினுள் இருபது முப்பது யாருக்கு மேற் பார்வை செல்லுதல் அரிது. வட்டை ஓரத்திற் பரணிலிருந்து காவல் செய்பவனுக்கும் இரவில் ஐம்பது யாருக்கு அப்பாற் பயனுள்ள காட்சி கிடையாது. வறண்ட குளங்களின் அடிநிலத்திலும் திறந்த புல்வெளிகளிலுமே நூறு யாரும் அதற்கு மேலும் கண் தடையின்றிச் செல்லும். இம்மூன்று தூரங்களையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்வருவன யாவும் இவற்றைப் பற்றியனவே.

வில்லின் தூரம்

கோறளைப்பற்றின் கரையோரத்திலும் அதற்கு வடக்கே வாகரை, பனிச்சங்கேணிப் பகுதிகளிலும் வாழ்வோருட் கரையோர வேடர் எனப்படுவோரும் அடங்குவர். 1911ஆம் ஆண்டில் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் 'வேடர்' என்னும் ஆய்வுநூல், கிழக்குக் கரையோர வேடர் தமிழரோடு கலந்து தமிழ் பேசி, மீன்பிடித்தும் பயிர்செய்தும் வாழ்ந்தமையைப் பதிவு செய்துள்ளது. உள்நாட்டு வேடரின் வில் ஏறத்தாழ ஆள் உயரமுடையது. எனினும் அவர்தம் திறமை நெடுந்தூரத்துக்கு அம்பெய்வதில் அன்று, விலங்கு அறியாவண்ணம் அதனை அணுகுவதிலேயே தங்கியிருந்தது என்பது நோக்கற்பாலது. காற்றின் திசையறிந்து, சருகின் ஒலியடக்கி, விலங்கின் மூச்சுக் கேட்கும் அளவுக்கு நெருங்கிய பின்னரே நாண் இழுக்கப்பட்டது. அத்தூரத்தில் நிற்பவனுக்கு எதிரே நிற்பது ஆணா பெண்ணா, சினையா குட்டியோடு திரிவதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அணுகலே அவனது தொலைகாட்டி எனலாம்.

பழந்தமிழ் இலக்கியம் காட்டும் புனங்காவலிலும் தூரத்தின் இத்தன்மையைக் காண்கின்றோம். தினைப்புனத்து இதணத்திலிருந்து தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளாற் கிளி கடிந்த மகளிரைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டுக் காட்டுகின்றது. அக்கருவிகள் ஓட்டுவனவேயன்றிக் கொல்வன அல்ல. மட்டக்களப்பு வட்டைகளில் இன்றும் பரணமைத்து, தகரம் தட்டி, தீப்பந்தம் காட்டி, கூக்குரலிட்டுக் காவல் செய்யும் உழவன் அத்தொன்மை மரபின் வாரிசேயாவான். கொல்லுதல் அவனுக்கு இறுதி வழியேயன்றி முதல் வழி அன்று.

துவக்கின் வருகை

'துவக்கு' என்ற சொல்லே அயலிலிருந்து வந்தது. துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டும் ஒரே துருக்கிய மூலத்திலிருந்து பிறந்தவை என்பர் சொல்லாராய்ச்சியாளர். தமிழகத்தில் முன்னது நிலைபெற, ஈழத்துப் பேச்சுவழக்கிற் பின்னது நிலைத்துவிட்டது. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டு மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். வெடிமருந்தின் ஒலி இவ்வாவிக்கரைகளுக்குப் பழக்கமானது அக்காலத்திலேயே எனக் கொள்ளலாம்.

கிராமத்தவன் கையில் நெடுங்காலம் நிலைத்த ஆயுதம் இடியன் துவக்கு. குழலின் வாய்வழியே வெடிமருந்தைப் பெய்து, தும்பை அடைத்து, ஈயக்குண்டையோ சன்னங்களையோ இட்டு, மீண்டும் தும்பு வைத்துக் கோலால் இடித்து நிரப்புவதால் இப்பெயர் பெற்றது போலும். புரியில்லாக் குழலிலிருந்து வெளிப்படும் குண்டு நாற்பது ஐம்பது யாருக்கு அப்பால் எங்கே செல்லுமென எவராலும் உறுதிகூற முடியாது. மேலும், ஒரு முறை சுட்டபின் கரிமருந்தின் புகை கண்ணை மறைக்கும். மறுபடி நிரப்பச் சில நிமிடம் செல்லும். ஆகவே இடியன் வைத்திருந்தவனும் வேடனைப் போலவே நெருங்கியாக வேண்டியிருந்தது. ஆயுதம் மாறினும் தூரம் பெரிதும் மாறவில்லை என்பதே இங்கு நாம் காணும் உண்மை.

இத்துவக்கின் உடன்பிறப்பாகத் தோன்றியதே கட்டுத்துவக்கு. விலங்கு வரும் தடத்திற் குழலைக் கிடையாகக் கட்டி, குறுக்கே கயிறு இழுத்து விட்டால், கயிற்றைத் தட்டும் எதுவும் வெடிக்கு இலக்காகும். பன்றியா, பசுவா, விறகுக்குச் சென்ற மனிதனா என்று கட்டுத்துவக்குப் பார்ப்பதில்லை. சுடுபவனுக்கும் சுடப்படுவதற்கும் இடையே கண்ணே இல்லாத ஆயுதம் இதுவாகும். வேட்டைத் தூரத்தின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. இதனைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

வெள்ளையர் வேட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் காடுகள் ஆங்கிலேய வேட்டைக்காரரின் விளையாட்டுக்களமாயின. மேஜர் றொஜேர்ஸ் என்பவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனற் 1859இல் வெளியிட்ட தமது 'இலங்கை' நூலிற் குறிப்பிடுகின்றார். றொஜேர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைக்குத் தலைவெகுமதி வழங்கிய அரசாங்கத்தின் கொள்கையால் வடபகுதியில் மட்டும் மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்பதும் அந்நூல் தரும் செய்தியாகும். பயிரைக் காத்தல் என்ற காரணம் கூறப்பட்ட போதிலும், காட்டை வெறுமையாக்கிப் பெருந்தோட்டத்துக்கும் குடியேற்றத்துக்கும் வழிசெய்யும் ஓர் ஆட்சியின் மனப்போக்கே அதிற் புலனாகின்றது.

நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 1850களில் எழுதிய வேட்டை நூல்கள் இரண்டும் கிழக்கிலங்கைக் காடுகளைப் பற்றிய பல செய்திகளைக் கொண்டவை. பேக்கர் தம் ஆயுதங்களை விரிவாக வருணிக்கின்றார். நான்கு அவுன்சுக் குண்டு எறியும் ஒற்றைக்குழல் றைபிளின் நிறை 21 இறாத்தல். இரண்டு அவுன்சு றைபிளின் நிறை 16 இறாத்தல். இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். இவ்வளவு பாரமான ஆயுதங்களைத் தூக்கிச் சென்றவர் யார் என்ற வினாவை நாம் எழுப்பவேண்டும். துவக்குக் காவியவரும், தடம் பார்த்தவரும், விலங்கிருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தவரும் இந்நாட்டு மக்களே. அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் அந்நூல்களில் இடம்பெறவில்லை.

பேக்கரின் றைபிள்களில் தொலைகாட்டி இல்லை. யானையைப் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நெற்றியிற் சுடுவதே அக்கால வீரமாகக் கருதப்பட்டது. அதற்குத் தொலைகாட்டி தேவையுமில்லை. எனவே பெருந்துவக்குகளின் காலத்திலும் தூரம் சுருங்கியே இருந்தது. ஆனால் வேடனின் நெருக்கத்துக்கும் இந்நெருக்கத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வேடன் உணவுக்காக நெருங்கினான். இவர்கள் எண்ணிக்கைக்காக நெருங்கினார்கள். தூரம் ஒன்றாயினும் நோக்கம் வேறு. இதிலிருந்து, விலங்கை அருகிற் காணுதல் மட்டுமே மனிதனை நிதானியாக்கிவிடாது என்ற உண்மையையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டியவராகின்றோம்.

தொலைகாட்டி துவக்கின் மேல் ஏறிய கதை

இதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் மாற்றம் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 1855ஆம் ஆண்டளவில் வில்லியம் மல்கம் என்பவர் துவக்குக்குரிய நீண்ட தொலைகாட்டிகளைச் செய்து விற்கலானார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அந்நாட்டு உள்நாட்டுப் போரில் அத்தகைய கருவிகள் மனிதரைக் குறிவைக்கப் பயன்பட்டன. 1880இல் ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஆவுகுஸ்ற் பீட்லர் என்னும் வனத்துறை அலுவலர் வேட்டைக்கேற்ற தொலைகாட்டியொன்றை அமைத்தார். 1886இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்தும் இராணுவ றைபிள் வந்தது. இவ்விரண்டும் இணைந்தபோது குண்டு விரைவாகவும் நேராகவும் நெடுந்தூரம் சென்றது. கண்ணும் அதனோடு செல்ல முடிந்தது. முதலாம் உலகப் போரின் அகழிகளில் மூன்று நான்கு மடங்கு உருப்பெருக்கமுள்ள குறித்தொலைகாட்டிகள் பெருந்தொகையாகப் பயன்பட்டன. போர் முடிந்தபின் அவ்வறிவும் அத்தொழிலும் வேட்டைக்குத் திரும்பின.

இலங்கையில் இக்கருவி பரவலாக வழங்கியதெனக் கூறமுடியாது. 1907இல் வெளிவந்த ஹரி ஸ்ரோறியின் 'இலங்கையில் வேட்டை' பற்றிய நூலும் தோட்டத்துரைமாரின் உலகத்தையே காட்டுகின்றது. 1894இல் வேட்டைக்காரரே கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் துவக்குகளை உத்தரவுப் பத்திரத்துக்கு உட்படுத்திற்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வேட்டையையே பெரிதும் கட்டுப்படுத்திற்று. ஆக, உலகிற் குறித்தொலைகாட்டி செம்மையுற்ற காலத்தில் இங்கு வேட்டையின் காலம் சட்டத்தால் முடிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வட்டைக் காவலாளியின் கையில் இருந்தது இடியனோ, உத்தரவு பெற்ற பன்னிரண்டாம் இலக்கச் சன்னத் துவக்கோதான். அயலிந்தியாவிலும் நிலை பெரிதும் வேறன்று. ஜிம் கோபெற் 1926இல் உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்டது மின்சூளின் ஒளியிலேயே. சேலம், கோயம்புத்தூர்க் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் அண்டர்சனும் மின்சூளையும் வெறுங்கண்ணையுமே பெரிதும் நம்பினார்.

எத்துணை உருப்பெருக்கம்?

இவ்விடத்தில் நம் வினாவை நேரே நோக்குவோம். கோறளைப்பற்றுக் காட்டில், சட்டம் இடங்கொடுத்த காலத்தில், ஒருவன் றைபிளுக்குத் தொலைகாட்டி தெரிந்தெடுப்பதாயின் எதனைத் தெரிந்திருக்க வேண்டும்? பெருக்கம் கூடுந்தோறும் நன்மையும் கூடும் என்றே முதலில் எவர்க்கும் தோன்றும். உண்மை அதற்கு மாறானது.

முதலாவது, பார்வைப்புலம். நான்கு மடங்கு பெருக்கும் கருவியொன்று நூறு யார் தூரத்தில் ஏறத்தாழ 30 அடி அகலமான இடத்தைக் காட்டும். ஒன்பது மடங்கு பெருக்குவது ஏறத்தாழ 13 அடியையே காட்டும். முப்பது யார் தூரத்தில் இவ்வளவுகள் முறையே ஒன்பது அடியாகவும் நான்கு அடியாகவும் சுருங்கும். வளர்ந்த பன்றியின் உடல் நீளமே நான்கு அடிக்குக் குறையாது. ஆகவே நம் பற்றைக்காட்டில் ஒன்பது மடங்குக் கருவியினூடாகப் பார்ப்பவன் காண்பது கருமயிர் மட்டுமே. அது தலைப்புறமா வாற்புறமா, அதன் பின்னால் நிற்பது யாது என்பதொன்றையும் அவன் அறியான். ஓடும் விலங்காயின் அதனைக் கண்டுபிடிப்பதே அரிது.

இரண்டாவது, ஒளி. பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மில்லிமீற்றர் வில்லையும் நான்கு மடங்கு பெருக்கமும் கொண்ட கருவி 8 மில்லிமீற்றர் ஒளிக்கற்றையைத் தரும். 40 மில்லிமீற்றர் வில்லையும் ஒன்பது மடங்கும் கொண்டது 4.4 மில்லிமீற்றரே தரும். இருளில் இளைஞனின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும். ஆதலால் மாலை மங்கும்போது முன்னது தெளிவாகவும் பின்னது மங்கலாகவும் தோன்றும். ஜேர்மானியரும் ஒஸ்திரியரும் எட்டு மடங்குக்கு 56 மில்லிமீற்றர் வில்லை அமைத்து இக்குறையைத் தீர்த்தனர். ஆயின் அக்கருவி பாரமானது. மேலும் அது ஐரோப்பிய நாட்டு நீண்ட அந்தி வெளிச்சத்துக்கென உருவானது. மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள எம் நாட்டிற் கதிரவன் சாய்ந்தால் அரைமணி நேரத்துள் இருள் சூழ்ந்துவிடும். அயல்நாட்டுக் கருவியை அப்படியே ஏற்பவன் அயல்நாட்டு அந்தியையும் சேர்த்தே சுமக்கின்றான்.

மூன்றாவது, நடுக்கமும் கானலும். கருவி விலங்கை மட்டும் பெருக்குவதில்லை. பிடிப்பவன் கைநடுக்கத்தையும் மூச்சையும் நெஞ்சுத்துடிப்பையும் அதே அளவிற் பெருக்கிக் காட்டுகின்றது. கல்குடா மணல்வெளியிலும் அறுவடை முடிந்த வயலிலும் நண்பகலில் எழும் கானலையும் அது பெருக்கும். ஒன்பது மடங்கில் நோக்கினால் இலக்கே நீரில் மிதப்பது போல அசையும். வாவிக்கரை ஈரக்காற்றினால் வில்லை உள்ளே பனித்துப் போதலும் ஒரு பெருங்குறையாயிருந்தது. 1940களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் நைதரசன் வாயு நிரப்பி அதனைத் தடுக்கும் முறை சந்தைக்கு வந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், பற்றைக்காட்டுக்கு ஒன்று முதல் இரண்டு மடங்கும், வட்டை ஓரத்துக்கும் குளத்து வெளிக்கும் நான்கு மடங்கும் போதுமானவை என்ற முடிவு பெறப்படும். மாற்றத்தக்க பெருக்கமுள்ள கருவியாயின், அதனைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு காட்டினுள் நுழைதலே அறிவுடைமை. ஏனெனில் அண்மையிற் திடீரென எழும் விலங்கின் முன் பெருக்கத்தைக் குறைக்க நேரமிராது. தொலைவில் மேயும் விலங்கின் முன் பெருக்கத்தைக் கூட்ட நேரமிருக்கும். இம்முடிவு நம் நிலத்தின் மூன்று தூரங்களிலிருந்தே பிறந்ததென்பது கருதத்தக்கது.

ஓர் இருமலின் வரலாறு

இங்கு என் குடும்பத்துச் செய்தியொன்றைக் கூறுதல் பொருத்தமாகும். என் அம்மப்பா கிரானுக்கு மேற்கே ஒரு வட்டையிற் காவலிருந்தவர். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளிக்கு முந்திய ஒரு மாரிகாலம். கதிர் பால்பிடித்திருந்த வேளை. பன்றி இரவுதோறும் வந்துகொண்டிருந்தது. நிலவு மங்கிய ஓர் இரவில் வரம்போரம் குனிந்தபடி அசைந்த உருவமொன்றை அவர் கண்டார். இடியனைத் தோளில் ஏற்றி, விரலைக் குதிரையில் வைத்தார். மருந்து நனைந்திருக்குமோ என்ற ஐயத்தால் ஒரு கணம் தாமதித்தார். அக்கணத்தில் அவ்வுருவம் இருமியது. அவருக்கென இராச்சோறு கொண்டுவந்த தம்பி மகன், சேற்றிற் தவறிய செருப்பைத் தேடிக் குனிந்திருந்தான்.

அதன்பின் அவர் அத்துவக்கைத் தொடவில்லை. தகரமும் பந்தமுமே அவருக்குப் போதுமாயின. இச்செய்தியை எனக்குச் சொல்லி முடித்தபோது, "இருட்டுக்குள்ள அசையிறதெல்லாம் பண்டியில்ல மகன்" என்றார். அறுபது யாரிலும் குறைந்த தூரத்தில் நிகழ்ந்தது இது. நான்கு மடங்கு பெருக்கும் நல்ல கருவியொன்று அவரிடம் இருந்திருப்பின், குனிந்திருந்தது மனிதனென அம்மங்கிய நிலவிலும் தெரிந்திருக்கக்கூடும். ஒன்பது மடங்கில் அது வெறுங் கரிய நிழலாகவே நிறைந்திருக்கும். உருப்பெருக்கம் பற்றிய கணக்குகளை நான் ஆராயத் தொடங்கியது இக்கதையினாலேயே. குறியை எய்துவதற்கு மட்டும் அன்று, எய்யாமல் விடுவதற்கும் பார்வை வேண்டும்.

போரும் பின்னும்

1983இன் பின்னர்ப் போர் இப்பிரதேசத்தின் வேட்டை வழக்கையும் காவல் வழக்கையும் ஒருங்கே குலைத்தது. காடு பொதுமக்களுக்கு மூடப்பட்டது. வட்டைகள் பல கைவிடப்பட்டன. உத்தரவுத் துவக்குகள் உழவர் கையைவிட்டு நீங்கின. 'ஸ்கோப்' என்ற சொல் எம் தலைமுறையினரின் காதுக்கு வேட்டையின் சொல்லாக வரவில்லை. மனிதர்மேற் குறிவைக்கும் கருவியின் பெயராகவே வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அக்கருவி கற்ற பாடத்தையே இங்கும் ஒப்புவித்தது எனலாம். குடும்பிமலைப் பகுதியில் 2007 ஜூலையிற் போர் ஓய்ந்தது. 2009 மே மாதத்தில் நாடு முழுவதும் ஓய்ந்தது.

மக்கள் வயல்களுக்கு மீண்டபோது யானைகளும் அங்கிருந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருப்பதாகக் கூறிற்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். யானைகளின் சாவுக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று, தீனிக்குள் மறைத்து வைக்கப்படும் வாய்வெடி. பன்றிக்கென வைக்கப்படும் அதனைக் கடிப்பது பல வேளைகளில் யானைக்கன்றாக அமைகின்றது. தாடை சிதைந்து, உண்ணவும் நீரருந்தவும் இயலாது, நாட்கணக்கில் நின்று அது சாகின்றது.

கட்டுத்துவக்கின் மரபில் வந்ததே இவ்வாய்வெடி என்பது இப்போது தெளிவாகும். இரண்டிலும் கண் இல்லை. வேடனின் அணுகலிற் கண் அண்மையில் இருந்தது. தொலைகாட்டியிற் கண் தொலைவில் இருந்தது. கட்டுத்துவக்கிலும் வாய்வெடியிலும் வைத்தவன் வீட்டில் உறங்குகின்றான். ஆயுத வரலாற்றை நேர்கோட்டு வளர்ச்சியாகக் காண்போர்க்கு இது புலப்படாது. எளிய ஆயுதம் இரக்கமுடையது, நுட்பமான ஆயுதம் கொடியது என்ற பொதுக்கருத்தும் இங்குப் பொருந்தாது. மிக எளியனவான கயிறும் வெடிமருந்துமே மிகக் குருடானவையாக விளங்குகின்றன.

ஆயினும் வெடிவைத்த உழவனை மட்டும் குற்றஞ்சாட்டி அமைதல் நீதியாகாது. ஓரிரவில் அழியும் ஓர் ஏக்கர் வயல் அவனுக்குக் கடனாகவும் பசியாகவும் விடிகின்றது. தகரத்துக்கும் பந்தத்துக்கும் பன்றி அஞ்சாத காலம் வந்துவிட்டது. காவலுக்கு ஆளும் கிடைப்பதில்லை. பரண் வெறுமையானபோதே வாய்வெடி அவ்விடத்தை நிரப்பிற்று. ஆகவே கண்ணில்லா ஆயுதத்தை ஒழிக்க வேண்டுமாயின், கண்ணுடைய காவலை மீட்க வழிசெய்தல் வேண்டும். ஊர்கூடிக் காவல், முறையாகப் பேணப்படும் மின்வேலி, இழப்புக்குக் காலந்தாழ்த்தாத நட்டஈடு ஆகியன இல்லாமற் சட்டம் மட்டும் இதனைச் சாதிக்காது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். கல்குடாப் புறநாட்டின் நிலம் வேட்டைத் தூரத்தை எப்போதும் குறுக்கியே வைத்திருந்தது. வில்லும் இடியனும் வெள்ளையரின் பெருந்துவக்கும் அத்தூரத்துக்கு உட்பட்டே இயங்கின. தொலைகாட்டியின் உருப்பெருக்கம் அந்நிலத்துக்கேற்ப மிதமாக அமைதலே பொருந்தும். மிகைப்பெருக்கம் காட்சியைக் கூட்டுவதாகத் தோன்றி அறிவைக் குறைக்கும். இவை அனைத்துக்கும் மேலாக, வேட்டையின் கேடு தூரத்தினால் மட்டும் விளைவதன்று. பார்க்காமற் கொல்வதனால் விளைகின்றது.

வேட்டை இன்று எம் பிரதேசத்தில் வரலாறாகிவிட்டது; ஆகவேண்டியதும் அதுவே. ஆனால் அவ்வரலாற்றை அறிந்தோர் விரைந்து மறைந்துகொண்டிருக்கின்றனர். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியத்தை'ப் பதிப்பித்தும், வி. சி. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகத்தை' எழுதியும் எம் மரபுக்கு அரணமைத்தனர். பரண்காவலரும், தடம் பார்த்தவரும், கரையோர வேடருட் காடறிந்த முதியோரும் சொல்லக்கூடிய செய்திகளோ இன்னும் ஏடேறவில்லை. காற்றின் திசையை எப்படி அறிந்தனர், எத்தனை அடியில் நின்றனர், எப்போது சுடாமல் விட்டனர் என்பன போன்ற வினாக்களுக்கு விடை அவர்களிடமே உண்டு. விடுமுறையில் ஊர்செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டோடு ஒரு முதியவரை அணுகுவராயின், அடுத்த தலைமுறை வரலாற்று மாணவனுக்கு இக்கட்டுரையிலும் சிறந்ததொன்றை எழுதும் வாய்ப்புக் கிட்டும். அம்மப்பாவின் இடியன் எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியாது. அவர் கேட்ட இருமலை நான் எழுதிவைத்துவிட்டேன்.